உப்பையும் வறட்சியையும் தாங்கும் பயிர்கள்: மரபணுத் தொழில்நுட்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே 4-ஆம் தேதி, மரபணு திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் டெல்லியில் அறிவித்தார். அன்றிலிருந்து காவிரிக் கடைமடைப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும், பயிரையும் விதையையும் பற்றி எழுதுகிறவன் என்று தெரிந்ததும் கேள்விகள் வந்துவிடுகின்றன. சிலர் நம்பிக்கையோடு கேட்கிறார்கள், சிலர் பயத்தோடு. உப்பேறிய நிலத்தை வைத்துக்கொண்டு வழி தெரியாமல் கேட்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது என்பதற்காகவே இந்தத் தொகுப்பு.

வறட்சி, உப்பு, வெள்ளம் என எல்லாவற்றையும் தாங்கும் ஒரே பயிரை உருவாக்கிவிட முடியாதா?

அப்படி ஒன்று வரும் என்று நான் நம்பவில்லை. தாங்கும் சக்தி என்று பேச்சில் ஒற்றை வார்த்தையாகச் சொல்லிவிடுகிறோம். செடிக்குள் அது ஒரே குணமாக இல்லை. வறட்சியில் இலைத்துளைகளை மூடிக்கொண்டால் நீர் மிச்சமாகும், ஆனால் கரியமில வாயு உள்ளே வராது, வளர்ச்சி நிற்கும். வெயில் காலத்தில் அதே துளைகள் மூடியிருந்தால் இலை சூடேறும். ஒரு இடைஞ்சலுக்குச் சரியான முடிவு இன்னொன்றுக்குத் தவறாகிவிடுகிறது.

பருவமும் முக்கியம். தூர் கட்டும் சமயத்தில் ஒரு வாரம் காய்ந்தால் நெல் பெரும்பாலும் மீண்டுவிடும். பூக்கிற சமயத்தில் அதே ஒரு வாரம் காய்ந்தால் கதிர் பதராகிவிடும். அதனால் யாராவது 'வறட்சியைத் தாங்கும் ரகம்' என்றால் நான் முதலில் கேட்பது: எந்தப் பருவத்து வறட்சி, எத்தனை நாள், எந்த மண்ணில்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் அந்தப் பெயருக்குப் பொருள் கிடையாது. கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்விக்குத்தான் திரும்பி வரும்.

உப்பு மண்ணில் பயிர் ஏன் கருகுகிறது?

இரண்டு அடி விழுகிறது. முதல் அடி உடனே விழும். மண்ணில் நீர் இருந்தாலும் அதில் உப்பு கரைந்திருப்பதால் வேரால் அதை இழுக்க முடியாது. வயல் நனைந்திருக்க, செடி தாகத்தில் வாடும். இரண்டாவது அடி மெதுவாக வரும். சோடியம் வேர் வழியாக ஏறி இலைகளில் சேர்கிறது. செடிக்குத் தேவையான பொட்டாசியத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்வதால் செல்லுக்குள் நடக்கவேண்டிய வேலைகள் தடைபடுகின்றன. கீழ் இலைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கும். உப்பு வயலைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் மறக்காது.

தானியப் பயிர்களிலேயே நெல் உப்புக்குச் சீக்கிரம் வீழ்கிற ஒன்று. முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இளநாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும் ரொம்பவே பலவீனம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். உவர் வேறு, களர் வேறு. மண்ணைக் கூழாக்கிப் பிழிந்த நீரில் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் அது உவர். கார அமில நிலை 8.5-க்கு மேல் ஏறி, மண் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் அது களர். இரண்டும் சேர்ந்த நிலமும் உண்டு. இந்தியாவில் இப்படிப் பாதிக்கப்பட்ட நிலம் ஏறக்குறைய 67 லட்சம் ஹெக்டேர் என்பது கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. உவரைத் தாங்கும் ரகம் களரிலும் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பேச்சு வழக்கில் இரண்டையும் 'உப்பு நிலம்' என்று சொல்லிவிடுவதால் விதை வாங்கும் இடத்திலேயே பலர் ஏமாந்துபோகிறார்கள்.

மரபணுவை எப்படி ஒரு செடிக்குள் வைக்கிறார்கள்?

இயற்கையே இதைச் செய்துகொண்டிருக்கிறது. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா செடியின் காயம் வழியாக நுழைந்து, தன் மரபணுத் துண்டு ஒன்றைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடும். அந்த இடத்தில் செடியில் கட்டி வரும். ஆய்வகத்தில் செய்வது, கட்டி உண்டாக்கும் பகுதியை எடுத்துவிட்டு, அங்கே நமக்கு வேண்டிய மரபணுவை வைத்து அனுப்புவது. நுண்ணிய தங்கத் துகள்களில் மரபணுவைப் பூசி செல்லுக்குள் சுடுவது இன்னொரு முறை. மரபணு நுழைந்த செல்லிலிருந்து திசு வளர்ப்பில் முழுச் செடியை எடுப்பார்கள்.

மரபணுவோடு ஒரு 'சுவிட்ச்' பகுதியையும் சேர்த்தே வைக்க வேண்டும். எப்போது, எந்தப் பாகத்தில், எவ்வளவு வேலை செய்வது என்று அதுதான் தீர்மானிக்கும். வறட்சி, உப்பு விஷயத்தில் பல ஆய்வுகள் சறுக்கியது இந்தச் சுவிட்சில்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மரபணு மாற்றம், மரபணு திருத்தம் இரண்டும் ஒன்றா?

இல்லை. மரபணு மாற்றத்தில் பெரும்பாலும் வேறொரு உயிரினத்தின் மரபணு பயிருக்குள் போய் உட்காருகிறது. மரபணு திருத்தத்தில், பயிரிடம் ஏற்கெனவே இருக்கும் மரபணுவில் குறிப்பிட்ட இடத்தை வெட்டிச் சிறு மாற்றம் செய்கிறார்கள். கிரிஸ்பர் என்று செய்தியில் அடிபடுவது அந்த வெட்டும் கருவி. வெட்டிய இடத்தைச் செடி தானே ஒட்டிக்கொள்ளும்போது ஓரிரு எழுத்துகள் விடுபட்டுப்போகும், மரபணு செயலிழக்கும். பிறகு அந்தக் கருவியின் மரபணுவை அடுத்த தலைமுறைகளில் பிரித்து வெளியேற்றிவிடலாம்.

சட்டமும் இவற்றை வேறாகப் பார்க்கிறது. மரபணு மாற்றப் பயிர்கள் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி பெற வேண்டும். வெளி மரபணு எதுவும் மிச்சமில்லாத திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த விதிகளின் முக்கியமான பகுதிகளிலிருந்து விலக்கு அளித்தது. இன்றுவரை இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு அனுமதி பெற்று வயலில் நிற்கும் மரபணு மாற்றப் பயிர், 2002-இல் வந்த பி.டி. பருத்தி மட்டுமே. பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் காலவரையின்றி நிறுத்திவைத்தார்கள். மரபணு மாற்றக் கடுகு விவகாரத்தில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள்.

பிச்சாவரத்து மரத்தின் மரபணுவை நெல்லில் வைத்தார்களாமே, உண்மையா?

உண்மை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான்.

சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்தே சதுப்புநிலக் காடுகளில் கவனம் வைத்தது. கடல் மட்டம் உயர்ந்தால் கரையோர வயல்கள் என்னவாகும் என்று சுவாமிநாதன் முன்கூட்டியே கவலைப்பட்டார். கடல் நீரிலேயே வேர் விட்டு நிற்கும் மரங்களிடம் அதற்கான விடை இருக்கலாம் என்று அவர் நினைத்தார். பிச்சாவரத்தில் படகில் போனால் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னைதான் கண்ணில் படும். அதற்குப் பின்னால் நிற்கும் வெண்கண்டலின் இலையைத் தொட்டுப் பாருங்கள், விரலில் உப்பு ஒட்டும். உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றும் மரம் அது.

அஜய் பரிடா தலைமையிலான குழு, வெண்கண்டலிலிருந்து உப்பைச் சமாளிக்க உதவும் மரபணுக்களைப் பிரித்தெடுத்தது. அவற்றில் ஒன்று, நெருக்கடியில் செல்லுக்குள் பெருகும் நச்சு ஆக்சிஜனை அடக்கும் நொதிக்கான மரபணு. அதைப் பூசா பாஸ்மதி 1 நெல்லில் வைத்துப் பார்த்தபோது அந்தச் செடிகள் உப்பையும் வறட்சியையும் சாதாரணச் செடிகளைவிட நன்றாகத் தாங்கின. அந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அதே குழு சீமைக்கருவேலத்திலிருந்தும் ஒரு மரபணுவை எடுத்துப் புகையிலையில் வைத்து, வறட்சியைத் தாங்குவதைக் காட்டியது. நம் கண்மாய்களை நிரப்பி நம்மைப் பாடாய்ப் படுத்தும் அதே சீமைக்கருவேலம்தான்.

சரி, அந்த நெல் இப்போது எங்கே? விவசாயிகளின் வயலுக்கு வரவில்லை. ஒற்றை மரபணு வெண்கண்டலை வெண்கண்டலாக்குவதில்லை. அந்த மரத்துக்கு உப்பை வடிகட்டும் வேர், உப்பைத் துப்பும் இலை, சோடியத்தைச் செல்லின் ஒரு மூலையில் பூட்டிவைக்கும் ஏற்பாடு எல்லாம் உண்டு. நெல்லுக்குக் கொடுத்தது அதில் ஒரு சிறு துண்டு. கூடவே அனுமதி, களச் சோதனை, பொது எதிர்ப்பு என்று நீண்ட பாதையும் முன்னால் கிடக்கிறது. அதற்காக இந்த ஆய்வை வீண் என்று சொல்ல மாட்டேன். எந்த மரபணு என்ன செய்கிறது என்ற அறிவு அதிலிருந்துதான் வந்தது. அஜய் பரிடா 2022-இல் காலமானார், சுவாமிநாதன் 2023-இல்.

தொட்டியில் நன்றாக வளர்கிற செடி வயலில் ஏன் சோடை போகிறது?

முன்பு சொன்ன சுவிட்ச் கதை இதுதான். ஜப்பானில் சினோசாகி தம்பதியின் குழுக்கள் ட்ரெப் என்ற மரபணுவைக் கண்டறிந்தன. வறட்சி, குளிர், உப்பு எதுவானாலும் இது ஒரு மேஸ்திரி போல நின்று பல மரபணுக்களை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்கும். அதை எப்போதும் எரியும் சுவிட்சோடு ஒரு சிறு களைச்செடியில் வைத்தார்கள். செடி நெருக்கடியைத் தாங்கியது. ஆனால் குட்டையாகிப்போனது. நல்ல நாளிலும் பஞ்சத்துக்குத் தயாராகிக்கொண்டே இருந்தால் வளர்வதற்கு என்ன மிஞ்சும்? நெருக்கடி வரும்போது மட்டும் எரியும் சுவிட்சை மாற்றி வைத்த பிறகு அந்தக் குறை பெருமளவு போனது. அந்த ஆய்வு 1999-இல் வந்தது. பிறகு ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், அதே மரபணுவையும் சுவிட்சையும் சேர்த்து நிலக்கடலையில் வைத்துச் சோதித்தது. அதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வகத் தொட்டியில் நீரைத் திடீரென்று நிறுத்தி, எந்தச் செடி கடைசிவரை உயிரோடு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். விவசாயிக்கு உயிரோடு நிற்கும் செடி போதாது, நெல் வேண்டும். வயலில் வறட்சி மெதுவாக வரும், நடுவில் ஒரு மழை பெய்யும், மறுபடி காயும், கூடவே வெயில் கொளுத்தும், பூச்சி வரும். சிறிய தொட்டியில் வேர் ஆழமாகப் போகவும் இடமில்லை. ஆழமான வேர்தான் வறட்சிக்கு நல்ல மருந்து என்பது விவசாயிக்குத் தெரியும். பிலிப்பைன்ஸ் மேட்டுநில நெல் ஒன்றிலிருந்து வேரைச் செங்குத்தாக இறங்கவைக்கும் ட்ரோ 1 மரபணுவை 2013-இல் அடையாளம் கண்டார்கள். ஐ.ஆர். 64 நெல்லில் அதைச் சேர்த்தபோது வறட்சியில் மகசூல் கூடியது. அதைச் சேர்த்தது சாதாரண ஒட்டு முறையில், அதாவது ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றில் சேர்த்துக் கலக்கும் பழைய வழியில்.

அப்படியென்றால் எந்தப் பயிர்தான் வயலுக்கு வந்திருக்கிறது?

மரபணு மாற்றத்தில் முக்கியமாக இரண்டு. முதலாவது அமெரிக்க மக்காச்சோளம். மான்சாண்டோ உருவாக்கியது, ட்ராட்கார்ட் என்ற பெயரில் விற்கிறார்கள். பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியா குளிரில் பயன்படுத்தும் ஒரு மரபணு அதில் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை 2011 டிசம்பரில் அனுமதித்தது, 2013-இல் விற்பனைக்கு வந்தது. பலன் எவ்வளவு? மிதமான வறட்சியில் மகசூல் இழப்பு சுமார் 6 சதவீதம் குறைந்தது. கடும் வறட்சியில் பெரிதாக ஒன்றுமில்லை. அதே காலத்தில் மற்ற நிறுவனங்கள் மரபணு மாற்றம் இல்லாமலே வறட்சி தாங்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளங்களை இறக்கின.

இரண்டாவது அர்ஜென்டினாவின் எச்.பி.4 கோதுமை. சாந்தா ஃபே நகரத்தில் ராகெல் சான் என்ற விஞ்ஞானியின் குழு சூரியகாந்தியில் கண்டறிந்த மரபணு இது. அரசுப் பல்கலைக்கழகத்தில் பிறந்து, பயோசெரஸ் என்ற நிறுவனம் வழியாக வெளியே வந்தது. நீர் குறையும்போது பொதுவாகச் செடி இலைகளைச் சீக்கிரம் முதிரவிட்டுக் கடையை மூடப் பார்க்கும். இந்த மரபணு அந்த முதுமையைத் தள்ளிப்போடுகிறது, செடி இன்னும் கொஞ்ச நாள் வேலை செய்கிறது. அர்ஜென்டினா 2020 அக்டோபரில் அனுமதி கொடுத்தது. ஆனால் தன் கோதுமையை அதிகம் வாங்கும் பிரேசில் சம்மதித்தால்தான் விற்பனை என்று நிபந்தனை வைத்தது. பிரேசில் 2021 நவம்பரில் மாவு இறக்குமதிக்கு ஒப்புக்கொள்ள, 2022-இல் விற்பனைக்கு வழி திறந்தது. அமெரிக்க வேளாண் துறையும் 2024-இல் சாகுபடிக்குப் பச்சைக்கொடி காட்டியது.

இந்தக் கோதுமையில் ஒரு களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் சேர்ந்தே இருக்கிறது. எதிர்ப்பவர்கள் முதலில் சுட்டுவது அதைத்தான். அந்தக் கவலை நியாயமானது என்று நானும் நினைக்கிறேன். வறட்சிக்காக விதை வாங்குகிறவர் களைக்கொல்லியையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கக் கூடாது.

வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் நெல் மரபணு மாற்றப் பயிர்தானே?

இல்லை. இதைப் பலரும் தவறாகவே நினைக்கிறார்கள்.

ஒடிசாவின் பாரம்பரிய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13 ஏ என்ற ரகம் இரண்டு வாரம் முழுக்க மூழ்கிக் கிடந்தாலும் மீண்டெழும். சாதாரண நெல் மூழ்கினால் பதறும். மேலே வந்து மூச்சு விட வேண்டும் என்று இருக்கிற மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து நீளும். வெள்ளம் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகிவிடும். எஃப்.ஆர். 13 ஏ அடங்கி இருக்கும். நீளாமல், இருப்பைச் செலவழிக்காமல், வெள்ளம் வடியும்வரை காத்திருக்கும். அந்தப் பொறுமைக்குக் காரணமான சப் 1 ஏ மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். டேவிட் மேக்கில், கெனாங் சூ, பமேலா ரோனால்ட் ஆகியோர் இந்தப் பணியில் முக்கியமானவர்கள்.

பிறகு அதை சுவர்ணா போன்ற புகழ்பெற்ற ரகங்களுக்குள் ஒட்டு முறையிலேயே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு அடையாளத்தைப் பார்த்து, வேண்டிய நாற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தார்கள். சுவர்ணா சப் 1 இந்தியாவில் 2009-இல் வெளியானது. அதே வழியில் வந்ததுதான் நம் டெல்டாவில் நடும் சி.ஆர். 1009 சப் 1.

ஆனால் இந்த நெல்லும் மூழ்குவதை மட்டும்தான் தாங்கும். வயலில் மாதக்கணக்கில் முழங்கால், இடுப்பளவு தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே வேண்டியது இதற்கு நேர்எதிரான குணம், நீரோடு நீராக நீண்டு வளர்கிற ஆழ்நீர் நெல். வெள்ளம் என்று ஒரே பெயரில் சொல்லும் இரண்டு நிலைமைகளுக்கு நெல் இனம் இரண்டு எதிரெதிர் விடைகளை வைத்திருக்கிறது.

2025-இல் அறிவித்த இரண்டு நெல் ரகங்களில் என்ன செய்திருக்கிறார்கள்?

ஒன்று, டி.ஆர்.ஆர். தன் 100, இன்னொரு பெயர் கமலா. ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. மூலம் சாம்பா மசூரி, நம் ஊரில் பி.பி.டி. என்று சொல்வது. கதிரில் மணி பெருக உதவும் ஒரு வளர்ச்சி ஊக்கியைச் சிதைக்கிற மரபணுவைத் திருத்தியிருக்கிறார்கள். மணிகள் கூடும், 15 முதல் 20 நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும், அந்த நாட்களுக்கான தண்ணீர் மிச்சமாகும் என்கிறது நிறுவனம்.

மற்றொன்று, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எம்.டி.யு. 1010 நெல்லில் செய்தது. டி.எஸ்.டி. என்ற மரபணு செடிக்குள் ஒரு கடிவாளம் போல இருக்கிறது. வறட்சியிலும் உப்பிலும் இலைத்துளைகள் மூடுவதை அது தடுக்கிறது. அந்தக் கடிவாளத்தை அறுத்தால், இலையில் துளைகளின் அடர்த்தி குறைகிறது, நீர் ஆவியாவது குறைகிறது. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், இருக்கும் தடை ஒன்றை நீக்கியதுதான் வேலை. யோசனை அழகானது.

உப்பு, களர் மண்ணில் மகசூல் கூடும் என்று அரசுத் தரப்பு சதவீதக் கணக்குகளைச் சொல்கிறது. அந்தக் கணக்குகளை, மரபணுத் தொழில்நுட்பத்தை எதிர்ப்பவர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். என் நிலைப்பாடு எளிமையானது. சோதனை நடந்த ஒவ்வொரு இடத்தின் முடிவையும், தோற்ற இடங்களையும் சேர்த்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு இது. நல்ல ரகம் என்றால் அந்தத் தாள்களே அதற்காகப் பேசும்.

வெயிலைத் தாங்கும் நெல் வருமா?

வெப்பத்தில் வேலை இன்னும் ஆரம்பநிலையில்தான் இருக்கிறது. நெல் பூ காலையில் திறந்து கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். அந்த நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வீணாகி மணி பிடிக்காது. ஒரு காட்டு நெல் விடியலை ஒட்டியே பூத்துவிடுகிறது. அந்தக் குணத்தைச் சாகுபடி நெல்லுக்கு ஒட்டு முறையில் கொண்டுவர முயன்று ஓரளவு வெற்றி கண்டிருக்கிறார்கள். வெயிலோடு மல்லுக்கு நிற்காமல், வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடும் உத்தி. இரவு வெப்பம் கூடுவது வேறொரு பிரச்சினை. அதற்கு இப்படி எளிய விடை இல்லை.

நம் பாரம்பரிய ரகங்களே உப்பைத் தாங்குமே, எதற்கு இதெல்லாம்?

வேதாரண்யம் பக்கத்துக் குழியடிச்சான், களர் நிலத்துக்கென்றே பேர் வாங்கிய களர்பாலை, கேரளத்தில் இறால் வளர்க்கும் வயலிலேயே விளையும் பொக்காளி என நம்மிடம் இருப்பது பெரும் சொத்து. நெல்லின் உப்புத் தாங்கும் ஆராய்ச்சியில் உலகம் முழுக்கப் புழங்கும் சால்டால் என்ற மரபணுப் பகுதி பொக்காளியிலிருந்து வந்தது. வங்காளத்தின் நோனா பொக்ரா என்ற நெல்லில், சோடியத்தை இலைக்குப் போகவிடாமல் தடுக்கும் மரபணுவைக் கண்டறிந்தார்கள். மேலே சொன்ன சப் 1 ஏ ஒடிசா விவசாயிகள் காப்பாற்றி வைத்தது. ஆய்வகம் படித்த பாடங்களில் பெரும்பகுதி பெயர் தெரியாத உழவர்கள் வயலில் எழுதிவைத்தவை. இதை யாரும் மறைக்கக் கூடாது.

ஆனால் இந்த ரகங்களில் பல உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும், மகசூல் குறைவு, சந்தையில் அரிசிக்கு விலை கிடைக்க அலைய வேண்டும். குத்தகைக்கு நிலம் எடுத்துச் செய்கிறவரிடம் 'பாரம்பரியம் போடுங்கள்' என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. அந்த ரகங்களில் இருக்கும் நல்ல குணத்தை, அவர் விற்கக்கூடிய நெல்லுக்குள் கொண்டுவருவதுதான் உதவி. அது ஒட்டு முறையில் முடிந்தால் ஒட்டு முறையில் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் ரானா மன்ஸ் குழு பழங்காலக் கோதுமை ஒன்றின் உப்புத் தடுப்பு மரபணுவை இன்றைய துரம் கோதுமைக்கு ஒட்டு முறையிலேயே மாற்றியது. உவர் வயலில் 25 சதவீதம் வரை மகசூல் கூடியது, 2012-இல் வெளிவந்த முடிவு இது. ஒட்ட முடியாத தூரத்து உறவு என்றால், அல்லது பி.பி.டி. போன்ற ரகத்தின் சமையல் குணம் கெடாமல் ஒரே இடத்தில் மட்டும் தொட வேண்டும் என்றால், மரபணுத் தொழில்நுட்பத்துக்கு அங்கே வேலை இருக்கிறது.

இந்த அரிசியைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

தொழில்நுட்பத்தின் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஒவ்வொரு பயிராகத்தான் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு புரதம் உருவாகிறதா, அது ஒவ்வாமை தருமா, வயிற்றில் செரிக்கிறதா, தானியத்தின் சத்தில் மாற்றம் உண்டா என்று சோதிப்பார்கள். எச்.பி.4 கோதுமையை அமெரிக்க உணவுத் துறையும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் உணவு ஆணையமும் இப்படிப் பார்த்து ஏற்றன. ஒரு மரபணுவை நிறுத்திவைக்கும் திருத்தத்தில் வெளியிலிருந்து புதுப் புரதம் வருவதில்லை. அதனால் அங்கே பயப்படக் காரணம் குறைவு என்பது என் எண்ணம். வேறு இடத்தில் தவறாக வெட்டு விழுந்திருக்கிறதா என்று பரிசோதித்து, அந்த விவரத்தையும் பொதுவில் வைப்பது அவசியம்.

பக்கத்து வயலுக்குப் பரவிவிடாதா?

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் பிடிக்கும் பயிர். அடுத்த வரப்புக்குப் போவது மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. எனக்குக் கவலை தருவது பக்கத்து நெல்லைவிடக் காட்டு நெல்லும் களை நெல்லும்தான். உப்பையும் வறட்சியையும் தாங்கும் குணம் களைக்குப் போனால் களைக்கும் அது பலம். நம் நாடு நெல்லின் காட்டு உறவுகள் வாழும் இடம் என்பதால் இந்தச் சோதனையைத் திருத்திய ரகங்களுக்கும் செய்ய வேண்டும். 2022 விலக்கு பற்றி எனக்கு இருக்கும் முக்கியமான மனக்குறை இதுதான்.

விதை யார் கையில் இருக்கும்?

2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மாற்றிக்கொள்ளவும், நிறுவன முத்திரை இல்லாமல் விற்கவும் உரிமை தருகிறது. நெல் வீரிய ஒட்டு விதை அல்லாதவரை அந்த விதை அடுத்த ஆண்டும் அப்படியே முளைக்கும். ஆனால் கிரிஸ்பர் கருவிக்கே வெளிநாட்டு நிறுவனங்களிடம் காப்புரிமை இருக்கிறது. அரசு நிறுவனங்கள் ஆய்வுக்கு அதைப் பயன்படுத்தலாம், விற்பனைக்கு வரும்போது உரிமத்தின் கதை என்ன என்பதை விவசாயிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டே விதையைக் கொடுக்க வேண்டும்.

என் நிலத்தில் இப்போதே உப்பு இருக்கிறது. புது விதை வரும்வரை என்ன செய்வது?

புது விதை வந்தாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும். முதலில் மண்ணையும் பாசன நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உவர் என்றால் வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் கிடைக்கும்போது தேக்கி வடிக்க வேண்டும். அங்கே ஜிப்சம் போட்டால் காசுதான் போகும். களர் என்றால் ஜிப்சம் வேண்டும். எவ்வளவு என்று பரிசோதனைத் தாள் சொல்லும். போட்டுக் கலக்கித் தண்ணீர் கட்டி வடித்துவிட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். தாங்கும் ரகம் எதுவானாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. கடல் நீர் ஏறிக்கொண்டே இருக்க, ஆழ்துளைக் கிணறு உப்பை இறைத்துக்கொண்டே இருக்க, விதையால் மட்டும் அதை ஈடுகட்ட முடியாது.

களர் நிலத்துக்குத் திருச்சி வேளாண் கல்லூரி வெளியிட்ட டி.ஆர்.ஒய். ரகங்கள் இப்போதே இருக்கின்றன, சாதாரண ஒட்டு முறையில் வந்தவை. உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். எந்தப் புது ரகமானாலும் முதல் போகத்தில் வயல் முழுக்க இறங்காமல், உப்பு அதிகமுள்ள மூலையில் சில சென்ட் மட்டும் நட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே வழக்கமாக நடும் ரகத்தையும் அதே அளவு நடுங்கள். இளநாற்றிலும் பூக்கும்போதும் இரண்டையும் கவனித்து, அறுவடையில் தனித்தனியாகத் தூற்றி எடை போடுங்கள்.